32 ரிம்ஃபயர்: கடையில் இல்லாத தோட்டாவுக்குப் பதினான்கு மாதம்

போன சனிக்கிழமை பத்துத் தோட்டா போட்டேன், பத்தும் வெடித்தது. துப்பாக்கி என்றால் வெடிக்கத்தானே செய்யும் என்று கேட்பீர்கள். நானும் அப்படி நினைத்துத்தான் போன வருஷம் மே மாதம் இதை வாங்கினேன். நடுவில் பதினான்கு மாதம் ஓடிவிட்டது. துப்பாக்கிக்குக் கொடுத்த விலையைப் போல இரண்டு மடங்குக்கு மேல் அதற்குத் தீனி தேடியே செலவழித்திருக்கிறேன். எங்கெங்கே வழி தவறினேன் என்பது மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நான் இருப்பது அமெரிக்காவில், ஒஹையோ மாநிலத்தில். கிரீன் கார்டு கைக்கு வந்த பிறகுதான் இந்த ஆசைக்குக் கதவு திறந்தது. இந்தியாவில் இருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுத் தாத்தாவின் டிரங்குப் பெட்டியைக் குடைய வேண்டாம். 1959 ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் ஒரு தோட்டா வைத்திருப்பதே குற்றம்.

துப்பாக்கி, ஸ்டீவன்ஸ் ஃபேவரிட். மாசசூசெட்ஸில் சிக்கோபீ ஃபால்ஸ் என்ற ஊரில் இருந்த ஸ்டீவன்ஸ் ஆலை 1890-களில் தொடங்கிச் செய்த சின்ன ரைஃபிள். பையன்களுக்கென்றே செய்தது. ஒரு தடவைக்கு ஒரே தோட்டா. கீழே இருக்கும் நெம்புகோலை இறக்கினால் பின்வாய் திறக்கும், கையால் தோட்டாவைச் செருகி மூட வேண்டும், குதிரையை, அதாவது பின்னால் இருக்கும் சுத்தியலை, இழுத்து வைத்து விசையைத் தொட வேண்டும். 22 அங்குலக் குழல், நாலரை பவுண்டு எடை. கல்லூரியில் என்சிசியில் சுட்ட .22 ரைஃபிளைத் தூக்கிய தோளுக்கு இது விளையாட்டுச் சாமான் போல இருந்தது.

ஃபேவரிட் மூன்று அளவில் (குழாயின் உள்ளளவு, ஏறக்குறைய அங்குலக் கணக்கில்) வந்தது: .22, .25, .32. மூன்றுமே ரிம்ஃபயர், அதாவது தோட்டாவின் அடிவிளிம்பில் அடித்தால் வெடிக்கும் வகை. இன்றைக்கு .22 ஃபேவரிட்டுக்குக் கிராக்கி அதிகம், ஏனென்றால் அந்தத் தோட்டா மளிகைச் சாமான் மாதிரி கிடைக்கும். என் கண்ணில் பட்டது .32. விலை 240 டாலர். பக்கத்து மேசையில் இருந்த .22 அதற்கு மேல் நூறு டாலர். இது ஏன் மலிவு என்று ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் இந்தப் பதிவே இருந்திருக்காது.

இங்கே 1898-லோ அதற்கு முன்போ செய்த துப்பாக்கி சட்டப்படி 'பழம்பொருள்' கணக்கில் வரும், படிவம் எதுவும் தேவையில்லை. என்னுடையது எந்த வருஷம் என்று நிரூபிக்க வழியில்லாததால் உரிமம் பெற்ற வியாபாரி மூலமாக 4473 படிவம் நிரப்பித்தான் வாங்கினேன். அதற்கு 25 டாலர். வீட்டுக்குக் கொண்டுவந்ததும் மனைவி கேட்டது: "ஏங்க, துருப்பிடிச்ச குழாய்க்கு இவ்வளவா?"

முதல் தப்பு, 36 டாலர்

மறுநாளே கடைக்குப் போய் .32 என்று கேட்டேன். .32 ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் லாங் ஒரு பெட்டி கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து செருகிப் பார்த்தால் உள்ளே போகவே இல்லை. காலிப்பர் வைத்து அளந்தேன். கடைத் தோட்டாவின் பித்தளைக் கூடு குறுக்களவில் 0.337 அங்குலம். என் துப்பாக்கிக்கு வேண்டிய .32 லாங் ரிம்ஃபயரின் கூடு சுமார் 0.318. பெயர் ஒன்று, பிறப்பு வேறு. வெடிமருந்துச் சாமானைக் கடையில் திரும்ப எடுக்க மாட்டார்கள்.

உள்ளே போயிருந்தாலும் வெடித்திருக்காது. இன்றைய பெரும்பாலான தோட்டாக்களுக்கு அடிப்பகுதியின் நடுவில் ஒரு சின்னக் கேப்பு (பற்றவைக்கும் மருந்து வைத்த குட்டி மூடி) இருக்கும், துப்பாக்கியின் ஊசி அதைக் குத்தும். ரிம்ஃபயரில் கேப்பு என்று தனியாக எதுவும் கிடையாது. கூட்டின் அடிவிளிம்பை மடித்து அந்த மடிப்புக்குள்ளேயே பற்றவைக்கும் மருந்தைப் பூசியிருப்பார்கள். ஊசி விளிம்பை நசுக்கும்போது நம்மூர்ப் பொட்டு வெடியைக் கல்லால் அடித்த மாதிரி அது பற்றிக்கொள்ளும். ஒரு தடவை நசுங்கிய விளிம்பு நசுங்கியதுதான். அதனால் இந்தக் கூட்டை மறுபடி நிரப்பிச் சுட முடியாது. ஆலை செய்வதை நிறுத்தினால் அந்த வகைத் துப்பாக்கிகள் எல்லாம் ஊமை. .25 ஸ்டீவன்ஸ் 1942-இல் போர்க்காலத்தில் நின்றது, திரும்ப வரவே இல்லை. .32-க்கு மட்டும் பின்னாளில் ஒரு தடவை அதிர்ஷ்டம் அடித்தது. பிரேசிலின் சிபிசி ஆலை கொஞ்சம் செய்ய, நேவி ஆர்ம்ஸ் என்ற கம்பெனி அதை அமெரிக்காவில் விற்றது. அந்தப் பெட்டி ஒன்றை ஒரு துப்பாக்கிக் கண்காட்சியில் 140 டாலருக்குப் பார்த்தேன். யோசிக்கலாம் என்று காப்பி குடிக்கப் போனேன். திரும்பி வந்தபோது மேசை காலி. இன்று வரை அந்தக் காப்பி வயிற்றில் கரிக்கிறது.

பழைய தோட்டா வேட்டை

ஜூன் முழுக்க ஏலத்தளங்களில் மேய்ந்தேன். பெட்டி இல்லாத உதிரித் தோட்டா 38 கிடைத்தது, 70 டாலர். அமெரிக்கத் தபாலில் தோட்டா அனுப்பக் கூடாது, தனியார் கூரியர்தான். அதற்கு 18. ஆக ஒரு தோட்டா 2 டாலர் 30 சென்ட்.

வந்ததும் வெள்ளைத் துணியில் கொட்டி அடிப்பாகத்தில் இருக்கும் ஆலை முத்திரைகளைப் பார்த்துப் பிரித்தேன். 'யு' என்றால் யூஎம்சி அல்லது ரெமிங்டன், 'பி' என்றால் பீட்டர்ஸ். 'எச்' இருந்தால் வின்செஸ்டர். ஏன் எச்? 1860-இல் ஹென்றி ரைஃபிளை உருவாக்கிய பெஞ்சமின் டைலர் ஹென்றியின் நினைவாக. அந்த ரைஃபிளும் ரிம்ஃபயர்தான். கம்பெனியின் பெயர் வின்செஸ்டர் என்று மாறிய பிறகும் தோட்டாவின் பிட்டத்தில் அந்த மனிதரின் முதலெழுத்தை விடாமல் அடித்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள். இதைத் தெரிந்துகொண்ட அன்று வேறு வேலை ஓடவில்லை.

இதே வேகத்தில் ஒரு சீல் உடைக்காத பீட்டர்ஸ் பெட்டியையும் எடுத்தேன். ஐம்பது தோட்டா, கூரியரோடு 128 டாலர். வந்த ஐந்தாவது நிமிஷம் பேனாக்கத்தியால் சீலைக் கிழித்தேன். அடுத்த வாரம் துப்பாக்கி கிளப்பில் பெருமையாகக் காட்டியபோது ஒரு பெரியவர் (எழுபத்தைந்து வயது, பழைய துப்பாக்கிகளோடே வாழ்கிறவர்) பெட்டியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சேகரிப்பவர்களுக்கு உள்ளே இருப்பதைவிட அந்தச் சீல்தான் முக்கியமாம். கிழித்த நொடியில் பாதி விலை போய்விட்டது என்றார். சுடுவதற்கு உதிரி, வைத்திருப்பதற்குப் பெட்டி. இரண்டையும் குழப்பக் கூடாது.

ஜூலை: முதல் சுடுதல்

நூறு வயதுத் துப்பாக்கி, வயது தெரியாத தோட்டா. முதல் மூன்றைத் தோளில் வைத்துச் சுடவில்லை. பழைய டயரில் துப்பாக்கியைக் கட்டி, விசையில் கயிறு மாட்டி, இருபது அடி தள்ளிக் காங்கிரீட் தூணுக்குப் பின்னால் நின்று இழுத்தோம். முதலாவது "டிக்". இரண்டாவதும் "டிக்". மூன்றாவது "டிக்" என்றது. நான் தூணை விட்டு ஓர் அடி எடுத்து வைத்திருப்பேன், பெரியவர் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். அப்போதுதான் "டப்" என்றது. ஒரு விநாடி, ஒன்றரை விநாடி தாமதம் இருக்கும். பழைய மருந்து மெதுவாகப் பற்றினால் இப்படித்தான் செய்யும். வெடிக்காத தோட்டாவோடு குழாயை இலக்குப் பக்கமே நீட்டியபடி முப்பது விநாடியாவது காத்திருக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். கையில் துப்பாக்கி இல்லாததால் அந்த விதி நினைவுக்கே வரவில்லை.

அன்று இருபது தோட்டா போட்டோம். முதல் அடியிலேயே வெடித்தது ஆறு. எடுத்து, கொஞ்சம் திருப்பிச் செருகி, விளிம்பின் வேறு இடத்தில் அடித்ததும் வெடித்தது மூன்று. மீதிப் பதினொன்று கல். வெடித்த ஒன்பதில் நாலு கூடுகள் நீளவாக்கில் பிளந்திருந்தன. அந்தக் காலத்துப் பற்றவைப்பு மருந்தில் பாதரசச் சேர்மம் இருக்கும், அது பித்தளையை உள்ளிருந்தே நொறுங்க வைத்துவிடும். ஒரு பிளவிலிருந்து கசிந்த புகை கண்ணாடியில் சாம்பல் கோடு போட்டது. கண்ணாடி போடாமல் இந்த வேலையில் இறங்க வேண்டாம்.

வீட்டுக்கு வந்து கடையில் விற்கும் நவீன சுத்திகரிப்புத் திரவத்தால் குழாயைத் துடைத்து, எண்ணெய் போட்டு, பீரோவில் வைத்தேன். ஒரு வாரம் கழித்து எடுத்துப் பார்த்தால் உள்ளே ஆரஞ்சுப் பொடி. பழைய தோட்டாவின் பற்றவைப்பில் பொட்டாசியம் குளோரேட்டும் உண்டு. அது எரிந்தபின் மிஞ்சுவது ஒருவகை உப்பு. உப்பு எண்ணெயில் கரையாது, தண்ணீரில்தான் கரையும். பழங்கால வெடிமருந்தான கருமருந்தின் கரியும் அப்படியே. கெட்டிலில் தண்ணீர் கொதிக்கவைத்து, புனல் வைத்துக் குழாய் வழியே மூன்று தடவை ஊற்றி, சூட்டிலேயே உலரவிட்டு, அதற்குப் பிறகு எண்ணெய் போட்டிருக்க வேண்டும். துப்பாக்கிக்குள் தண்ணீர் ஊற்றுவதா என்று மனசு பதறும். பதறினாலும் ஊற்றுங்கள். அந்த ஒரு வாரத் துரு குழாயின் முனையில் விட்டுப்போன சொரசொரப்பு இன்னும் இருக்கிறது.

குற்றம் தோட்டாவில் மட்டும் இல்லை

இருபதுக்குப் பதினொன்று ஊமை என்றால் தோட்டா செத்துவிட்டது என்று முடிவு கட்டிவிட்டேன். பெரியவர் ஊமைத் தோட்டாக்களை வாங்கிப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். விளிம்பில் விழுந்திருக்க வேண்டிய ஆழமான வெட்டுக்குப் பதில் லேசான நகக்கீறல்தான் இருந்தது. ஊசியின் முனை தேய்ந்து மழுங்கியிருந்தது.

அதைவிடப் பெரிய பாவம் ஒன்றை நானே செய்திருந்தேன். என்சிசியில் தோட்டா இல்லாமல் விசை இழுத்துப் பழக்குவார்கள். அந்தப் பழக்கத்தில் வாங்கிய முதல் வாரம் டிவி பார்த்துக்கொண்டே நூறு தடவையாவது வெறுமனே இழுத்திருப்பேன். ரிம்ஃபயரில் தோட்டா இல்லாதபோது ஊசி நேராகக் குழாயின் பின்விளிம்பிலேயே போய் மோதும். விளிம்பில் ஒரு பள்ளம், அதனால் உள்பக்கம் ஒரு புடைப்பு. தோட்டாவின் விளிம்புக்கு முட்டுக் கொடுக்க வேண்டிய இடமே குழிந்துவிட்டால் ஊசி எதை நசுக்கும்?

.22-க்கு இந்தப் புடைப்பை உள்ளிருந்து தள்ளிச் சரிசெய்யக் கருவி விற்கிறார்கள். .32-க்கு எனக்குக் கிடைக்கவில்லை. லேத் வைத்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரர் ஓர் எஃகுக் கம்பியைச் சரிவாகக் கடைந்து கொடுத்தார். அதைச் செருகி, சின்னச் சுத்தியலால் பூப்போல் தட்டிப் புடைப்பைத் திரும்ப வெளியே தள்ளினோம். கூலியாக ஒரு டப்பா முறுக்கு. புது ஊசி 18 டாலர், நீளமாகத்தான் வரும், அரத்தால் நாமே ராவிப் பொருத்த வேண்டும். பத்து ராவு ராவுவது, மாட்டிப் பார்ப்பது, கழற்றுவது என்று ஒரு மாலை முழுக்கப் போனது. கடைசியில் 0.038 அங்குலம் வெளியே துருத்தும்படி நிறுத்தினேன்.

பிறகு அந்தப் பதினொரு ஊமைகளையும் மறுபடி போட்டேன். நாலு வெடித்தது. ஏழுதான் நிஜமாகவே செத்தவை.

இதைத்தான் முதலில் செய்திருக்க வேண்டும். இரண்டு டாலர் முப்பது சென்ட் தோட்டாவை வைத்துத் துப்பாக்கியின் நோயைக் கண்டுபிடித்தவன் நான்.

பித்தளைக் கூடு

இந்தக் கணக்கில் போனால் பழைய தோட்டா சீக்கிரம் தீரும். மாற்றுவழிகளை விசாரித்தேன். ஊசியை நடுவில் குத்தும்படி பின்கட்டையை மாற்றிவிடலாம், நிறையப் பேர் செய்கிறார்கள். மார்லின் 1892 மாதிரி ரைஃபிளில் அந்தத் தொல்லையே இல்லை, .32 ரிம்ஃபயருக்கு ஓர் ஊசி, .32 கோல்ட்டின் நடுக்கேப்புத் தோட்டாவுக்கு இன்னோர் ஊசி. மாற்றி மாட்டிக்கொள்ளலாம். என்ன புத்திசாலித்தனம்! ஃபேவரிட்டில் அது கிடையாது. நூறு வருஷம் அப்படியே இருந்ததில் நான் ஓட்டை போட மனம் வரவில்லை.

மிஞ்சியது பிரான்சில் செய்யும் மறுபயன்பாட்டுக் கூடு. கெட்டிப் பித்தளையைக் கடைந்தது. முன்பக்கம் மருந்துக்கு ஒரு குழி. பின்பக்கம் நடுவை விட்டு ஓரமாக ஒரு துளை. அந்தத் துளையில் ஓட்டப் பந்தயத் துப்பாக்கிக்குப் போடும் .22 வெற்றுத் தோட்டாவைச் செருக வேண்டும். ஊசி அதன் விளிம்பைக் குத்தும், அதன் தீப்பொறி முன்னால் இருக்கும் கருமருந்தைப் பற்றவைக்கும். தோட்டாவுக்குள் ஒரு குட்டித் தோட்டா. பத்துக் கூடு 130 டாலர். வெற்றுத் தோட்டா நூறு 12 டாலர். அதே அளவில் கட்டட வேலைக்காரர்கள் ஆணி அறையப் பயன்படுத்தும் வண்ணத் தோட்டாக்களும் கடையில் இருந்தன, விலையும் குறைவு. கை நீட்டினேன். அவற்றின் வலு வேறு, தொடாதே என்று பெரியவர் தடுத்துவிட்டார்.

வாங்கும் முன் துப்பாக்கியின் உள்ளளவு தெரிய வேண்டும். செரோசேஃப் என்று ஓர் உலோகக் கலவை, வெந்நீர்ச் சூட்டிலேயே உருகும், 30 டாலர். உருக்கித் தோட்டா அமரும் அறையில் ஊற்றினால் அச்சு அசலாக வார்ப்பு கிடைக்கும். முதலில் சுருங்கும், பிறகு விரியும், ஒரு மணி நேரம் கழித்து அளந்தால்தான் சரியான அளவு. நான் பத்தாவது நிமிஷத்தில் அளந்து, மறுபடி உருக்கினேன். குழாய்க்கு வேறு வழி: மெத்தென்ற ஈய உருண்டையை மரக்கம்பியால் முழு நீளமும் தள்ளி வெளியே எடுத்து மைக்ரோமீட்டரில் அளப்பது. 0.314 அங்குலம் வந்தது. இந்த எண்ணைச் சுவரில் எழுதி ஒட்டினேன், அப்படியும் பின்னால் மறந்தேன்.

கூட்டின் விளிம்பு கொஞ்சம் தடிமன். பத்தில் மூன்றைச் செருகினால் பின்வாய் மூடவில்லை. கண்ணாடித் தகட்டில் 600 எமரித் தாளை ஒட்டி, விளிம்பின் முன்பக்கத்தைத் தேய்த்து, 0.002 அங்குலம் குறைத்ததும் மூடியது.

அடுத்தது திசை. ஊசி என் துப்பாக்கியில் மேல்பக்கம் கொத்துகிறது. அதனால் அந்த ஓரத் துளை சரியாக மேலே, பன்னிரண்டு மணித் திசையில் நிற்க வேண்டும். நெம்புகோலை மூடும்போது கூடு லேசாகத் திரும்பிவிடும், ஊசி வெறும் பித்தளையைக் குத்தும். முதல் நாள் பத்துக்கு நாலு இப்படிப் போனது. முக்கோண அரத்தால் விளிம்பில் துளைக்கு நேரே ஒரு சின்ன வெட்டுப் போட்டேன். கண்ணால் பார்க்கவே வேண்டாம், கட்டைவிரல் நகம் அந்த வெட்டில் மாட்டும், அப்படியே பிடித்துக்கொண்டு மூடிவிடலாம். இந்தப் பதிவில் காசு கொடுக்காமல் கிடைத்த ஒரே பலன் இதுதான்.

கிளப்பில் ஒருவரிடம் சுவிஸ் வெட்டர்லி இருக்கிறது, 1869-இல் சுவிட்சர்லாந்து ராணுவம் ஏற்ற ரிம்ஃபயர். அதன் ஊசிக்கு இரண்டு பல், விளிம்பில் ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் குத்தும். விளிம்பு முழுக்க மருந்து சீராகப் பரவியிருக்கும் என்று சுவிஸ்காரர்கள் நம்பவில்லை போலும். நான் திருப்பித் திருப்பி அடித்த மூன்று தோட்டாவை நினைத்துக்கொண்டேன்.

மருந்து, 3எஃப் என்ற நைசு ரகக் கருமருந்து, ஒரு பவுண்டு 32 டாலர். பழைய .32 லாங்கில் 13 கிரெய்ன் போட்டார்கள். கிராம் இல்லை, கிரெய்ன். நம்மூர்க் கணக்கில் ஒரு குன்றிமணி எடை ஏறக்குறைய இரண்டு கிரெய்ன். இந்தக் கூட்டில் வெற்றுத் தோட்டா இடத்தை அடைத்துக்கொள்வதால் 9 கிரெய்ன்தான், நாலரை குன்றிமணிதான், கொள்கிறது. குண்டுக்கும் கருமருந்துக்கும் நடுவில் காற்று இடைவெளி இருக்கக் கூடாது, இருந்தால் குழாய்க்கு ஆபத்து. இன்றைய புகையில்லா மருந்தை இதில் ஒரு சிட்டிகைகூடப் போடக் கூடாது. எதையும் தட்டி இறக்குவதில்லை, கட்டைவிரல் அழுத்தம்தான்.

குண்டு

கூடு சரியானதும் எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். பாதி வேலை அங்கேதான் இருந்தது.

முதலில் சோம்பேறித்தனம். ஒன்றாம் எண் ரவை என்பது வேட்டைத் துப்பாக்கிக்குப் போடும் 0.30 அங்குல ஈய உருண்டை, கூட்டின் வாயில் அழகாக உட்காரும். 25 கெஜத்தில் ஐந்து சுட்டேன். எட்டங்குலத் தாளில் மூன்றுதான் இருந்தது, அதுவும் மூன்று மூலையில். 0.314 குழாயில் 0.30 உருண்டை உருண்டுகொண்டு போனால் வேறென்ன நடக்கும்?

இதற்குரிய குண்டின் வடிவமே தனி. குண்டின் உடம்பு கூட்டின் வெளிச்சுற்றளவுக்குச் சமமாக இருக்கும், வால்பகுதி மட்டும் ஒடுங்கிக் கூட்டுக்குள் போகும். இன்றைய .22 லாங் ரைஃபிளின் குண்டும் அப்படித்தான், கையில் எடுத்துப் பார்த்தால் தெரியும். இந்த வடிவத்துக்கு 82 கிரெய்ன் அச்சு ஒன்று 95 டாலருக்கு வாங்கினேன். மெத்தென்ற ஈயம் பத்துப் பவுண்டு 20 டாலர்.

ஜனவரிக் குளிரில் கராஜ் கதவைத் திறந்து வைத்து வார்த்தேன். ஈயப்புகை வீட்டுக்குள் வரக் கூடாது, கதவைச் சாத்தவும் முடியாது. அச்சு சூடேறும் வரை முதல் இருபது குண்டும் சுருங்கிய சுண்டைக்காய் மாதிரி வந்தது, திரும்பச் சட்டியில் போட்டேன். கையுறையில் ஒட்டியிருந்த பனித்துளி ஒன்று சட்டியில் விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இரவில்தான் உறைத்தது. உருகிய ஈயத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டால் கொதித்துத் தெறிக்கும்.

வார்த்த குண்டு 0.311. சுவரில் 0.314 என்று எழுதியிருக்கிறது. "மூன்று தௌ தானே" (தௌ என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) என்று சுட்டேன். தாளில் இரண்டு ஓட்டைகள் சாவித்துவாரம் போல் நீளமாக இருந்தன, குண்டு குறுக்காகப் பறந்திருக்கிறது. குழாய்க்குள் ஈயக்கோடு. அதைச் சுரண்டி எடுக்க ஒரு ஞாயிறு போனது.

புது அச்சு வாங்க மனசு வரவில்லை. அச்சின் இரண்டு பாதிகளும் சேரும் முகத்தில், குழிக்கு வெளியே, அலுமினிய டேப்பை ஒட்டினால் அச்சு இம்மி அளவு திறந்தே நிற்கும், குண்டு பருக்கும் என்றார் பெரியவர். ஏசி குழாய்க்கு ஒட்டும் டேப் வீட்டில் இருந்தது. ஒட்டி வார்த்தேன், 0.314. குண்டின் பக்கவாட்டில் மெல்லிய தையல் கோடு தெரிகிறது, பாதகமில்லை.

மசகு குண்டின் வெளியேதான் பூச வேண்டும். தேன்மெழுகோடு என்ன கலப்பது? வீட்டில் தேங்காய் எண்ணெய் இருக்க, கடைக்கு எதற்கு என்று சரிபாதி கலந்தேன். கராஜில் கெட்டியாக, பளபளவென்று இருந்தது. ஜூன் மாத வெயிலில் சுடுமேடையில் பெட்டியைத் திறந்தால் குண்டெல்லாம் தலைக்குக் குளித்த மாதிரி எண்ணெய் வழிந்துகொண்டிருந்தது. கொஞ்சம் மருந்துக்குள்ளும் இறங்கியிருந்தது, ஐந்து தோட்டா புஸ்ஸென்று போனது. தேங்காய் எண்ணெய் 24 டிகிரியிலேயே உருகும் என்பது சமையலறையில் தினமும் பார்ப்பதுதானே! இப்போது மெழுகு மூன்று பங்கு, மாட்டுக்கொழுப்பு ஒரு பங்கு.

போன சனிக்கிழமை

பத்துத் தோட்டா, 25 கெஜம், மணல் மூட்டையில் தாங்கிச் சுட்டது. பத்தும் வெடித்தது. எட்டு, இரண்டு அங்குல வட்டத்துக்குள். மீதி இரண்டில் ஒன்று என் விரலின் தப்பு, மற்றது எதனால் என்று தெரியவில்லை. ஐந்து சுட்டதும் ஈரத் துணியால் ஒரு தடவை துடைத்தேன். துடைக்காவிட்டால் கருமருந்தின் கரி இறுகி, ஏழாவது எட்டாவது தோட்டா செருகவே முரண்டு பிடிக்கிறது. புகை கலைய நின்று பார்க்க வேண்டும். தீபாவளி மறுநாள் காலைத் தெரு வாசனை.

கணக்கு, மனைவி பார்க்காத கணக்கு: துப்பாக்கி, படிவம் 265 டாலர். தப்பான பெட்டி 36, உதிரித் தோட்டா 88, சீல் கிழித்த பெட்டி 128, ஊசி 18, செரோசேஃப் 30, கூடு 130, வெற்றுத் தோட்டா 12, மருந்து 32, அச்சு 95, ஈயம் 20, அரம், எமரித் தாள், மெழுகு வகையில் 15. துப்பாக்கி நீங்கலாக 604. இனிமேல் ஒரு சுடுதலுக்கு வெற்றுத் தோட்டா 12 சென்ட், மருந்து 4, ஈயம் இரண்டரை. 19 சென்ட்டுக்குள் அடங்கும். பழைய உதிரித் தோட்டா 2 டாலர் 30 சென்ட்.

மறுபடி தொடங்கினால் முதல் மாதம் தோட்டாவே வாங்க மாட்டேன். ஊசி, குழாயின் பின்விளிம்பு, உள்ளளவு மூன்றையும் பார்த்துவிட்டு நேராகப் பித்தளைக் கூட்டுக்குப் போவேன். பத்துக்குப் பதில் இருபது கூடு. அச்சை 0.315-க்கே சொல்லிச் செய்யச் சொல்வேன்.

உதிரியில் இன்னும் பதினெட்டும் பீட்டர்ஸ் பெட்டியில் ஐம்பதும் அப்படியே இருக்கின்றன. உதிரியில் 'எச்' முத்திரை ஆறு, அவற்றைத் தனியாக எடுத்து வைத்துவிட்டேன். கிழிந்த சீலைப் பசை போட்டு ஒட்டினால் ஒட்டுமா என்று பெரியவரிடம் கேட்டுப் பார்த்தேன். அவர் பதில் சொல்லவில்லை, துப்பாக்கியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.